ஆக்கி மன்றத்து மண்டகப்படி

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும், இதில் உட்காருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் ஆக்கி ஆடும் பெண்பிள்ளைகளுக்கு ஓர் ஆதரவு மன்றம் தொடங்கப்போகிறீர்கள், அதற்கு ஊரை எப்படித் திரட்டுவது என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். எங்கள் தலைமையாசிரியை தொலைபேசியில் சொன்னார். நல்லது, சொல்கிறேன். முதலிலிருந்து முறையாகச் சொன்னால்தான் எனக்கும் கோவையாக வரும், உங்களுக்கும் பயன்படும். ஆகையால் இடையில் கேள்வி கேட்காதீர்கள். ஐயம் இருந்தால் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கேட்கலாம். வகுப்பிலும் எனக்கு அதுதான் வழக்கம். தையல்நாயகி டீச்சர் வகுப்பில் ஈ பறந்தால் சத்தம் கேட்கும் என்பார்கள். பிள்ளைகள் பயந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஒழுங்கு பழகியிருந்தார்கள், அவ்வளவுதான்.

மன்றம் என்று ஒன்று எனக்கு முன்பே இருந்தது. பெயர்ப்பலகை இருந்தது, தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், ஆட்கள்தாம் இல்லை. நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில் அது என் தலையில் வந்து விழுந்தது. முதல் கூட்டத்துக்குத் துண்டறிக்கை அச்சடித்து வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். வந்தவர்கள் ஒரு பெஞ்சுக்குள் அடங்கினார்கள். அவர்களிலும் இருவர் மின்விசிறிக்காக வந்தவர்கள். ஒருவர் தூங்கியே போனார்.

கடைத்தெருவுக்கும் போனேன். பருப்பு மண்டி ஆவுடையப்பன் பெரிய கை. அவர் மனைவி என்னிடம் படித்தவள். எழுந்து நின்றுதான் வரவேற்றார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "டீச்சர், பொம்பளப் பிள்ளைக கம்பெடுத்துக்கிட்டு ஓடிவருதுக. ஊர்க்காரன் என்ன செய்ய முடியும்? வெலகி நிக்கத்தான் செய்யணும்" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். நகைச்சுவை நன்றாக இருந்தால் சிரிப்பதில் தவறில்லை.

பிறகு ஒரு மாலை அந்தப் பிள்ளை மைதானத்தில் விழுந்தாள்.

சண்முகக்கனி என்று பெயர். கனி என்போம். அணியின் கோல்காப்பாளர். தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கும் காலனியிலிருந்து வருவாள். தாய் வேலுத்தாய் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்குகிறவள். தகப்பன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். நான் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள். அந்தப் பிள்ளையைப்போல் ஒருத்தியைப் பார்த்ததில்லை. பேசமாட்டாள். முகக்கவசத்துக்குள்ளிருந்து இரண்டு கண் மட்டும் தெரியும். பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே அவள் முன்னமே நிற்பாள். அன்றைக்கும் பந்து வந்தது, தடுத்தாள். தடுத்த பிறகுதான் விழுந்தாள்.

உடற்கல்வி ஆசிரியர் தங்கத்துரை ஓடிப்போய்க் கவசத்தைக் கழற்றித் தண்ணீர் தெளித்தார். பதினொன்றாம் வகுப்புக்குச் சத்துணவு கிடையாது. காலையில் குடித்த கஞ்சியோடு நின்றிருக்கிறாள். அவர் என்னிடம் திரும்பி, "டீச்சர், மன்றம் மன்றம்னு சொல்லுதீகளே, இந்தப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு வாய் சாப்பாட்டுக்கு வழி பண்ணுங்க. பலகையத் தின்னுட்டா ஆட முடியும்?" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், சற்றுச் சூடாகப் பேசுவார். நல்ல மனிதர்.

அந்த ஆனித் திருவிழாவில்தான் எனக்கு வழி தெரிந்தது. இதைக் கவனமாகக் கேளுங்கள், நீங்கள் வந்ததே இதற்காகத்தான். எங்கள் கோயில் திருவிழாவில் நாளுக்கொரு தெருவார் மண்டகப்படி. அன்றைய பூசை, அலங்காரம், வருகிறவர்களுக்கு உணவு எல்லாம் அந்தத் தெருவின் பொறுப்பு. கேட்டால் எதுவும் தராத மனிதர், தம் தெருவின் நாள் பக்கத்துத் தெருவின் நாளைவிட ஒரு பிடி குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கழுத்தில் கிடப்பதைக்கூட அடகு வைப்பார். சுவாமி புறப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'இவர்களிடம் நன்கொடை கேட்டது நம் பிழை, தெருவுக்கொரு நாளைக் கேட்டிருக்க வேண்டும்' என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஆவணி மாதம் தொடங்கினோம். வாரத்தில் ஒரு நாள் ஒரு தெருவுக்கு. பயிற்சிக்கு முன்னால் பிள்ளைகளுக்கு அந்தத் தெருவார் உணவு கொடுக்க வேண்டும். திங்கள் கடைத்தெரு, செவ்வாய் மேலத்தெரு, புதன் பள்ளிவாசல் தெரு, வியாழன் தேவாலயத்துப் பெண்கள் சங்கம், வெள்ளி ஆட்டோ நிறுத்தத்தார். முதல் வாரம் சுண்டல் வந்தது. இரண்டாம் வாரம் சுண்டலோடு அவித்த முட்டை வந்தது. மூன்றாம் வாரம் மேலத்தெரு கோமதியம்மாள் நெய் மணக்க மணக்கச் சர்க்கரைப் பொங்கலே கொண்டுவந்துவிட்டாள். அதைக் கேள்விப்பட்டு ஆட்டோக்காரர்கள் வெள்ளிக்கிழமை மேளம் வைத்துக் கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள். மேளத்தைக் கேட்டுத் தெரு முழுவதும் பின்னால் வந்தது. உணவு கொடுக்க வந்தவர்கள் தங்கள் உணவைத் தின்ற பிள்ளை எப்படி ஆடுகிறது என்று பார்க்க நின்றார்கள். நின்றவர்கள் மறுநாளும் வந்தார்கள். அதுதான் அம்மா சூட்சுமம். ஊட்டிய பிள்ளையை விட்டு ஊர் எங்கே போகும்?

தங்கத்துரை சார்தான் தலையில் கைவைத்துக்கொண்டார். "டீச்சர், நெய்ப்பொங்கலத் தின்னுட்டுப் பந்துக்கு ஓடுன்னா எப்படி ஓடுவாளுக? உருளத்தான் செய்வாளுக. ஆட்டத்துக்கு முன்னால பழம், பயறு இப்படி லேசாக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் ஆசையாகக் கொண்டுவருகிறவர்களிடம் அதை எப்படிச் சொல்வது? உரிய சமயத்தில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் பந்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக உட்காருவார்கள். எந்த வீட்டுப் பிள்ளை, எந்த மதத்துப் பிள்ளை என்று ஒருவரும் பார்த்ததில்லை. கனியும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்தாள், எல்லாத் தெருச் சாப்பாட்டையும் சாப்பிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. ஐப்பசியில் மாவட்டப் போட்டி. ஒரு கோல்கூட விடவில்லை அவள். கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தபோது ஆவுடையப்பன் வெடி வைத்தார். "கனி, கம்பெடுத்து நிக்கிறியே தாயி, மதில்சொவர் மாதிரில்லா நிக்கிறே!" என்றார். அதே ஆவுடையப்பன்!

வேலுத்தாய் அதற்கடுத்த வாரம்தான் வந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் கூட வந்தார்கள். என் வீட்டு வாயிற்கதவுக்கு வெளியே நின்றார்கள். "உள்ளே வாங்க" என்றேன். "இருக்கட்டும் டீச்சர், காலெல்லாம் மண்ணு" என்றாள். "என்ன செய்தி?" என்று கேட்டேன்.

"சனிக்கெழம யாருக்கும் இல்லயாமே டீச்சர். அத எங்க தெருவுக்குக் குடுங்க. எங்க பிள்ளையும் ஆடுதுல்லா? எல்லாத் தெருச் சோத்தையும் திங்கா. நாங்க மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்க ஒரு மாதிரியா இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. எந்தத் தெருவை நான் போய்க் கேட்கவில்லையோ, அந்தத் தெரு தானாக வந்து கேட்டது. ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அவர்களுக்குச் சுமை வைக்க வேண்டாம் என்றுதான். "என்ன கொண்டுவருவீர்கள்?" என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "குதிரவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும்னு இவ சொல்லுதா" என்று வேலுத்தாய் பக்கத்தில் நின்றவளை இடித்தாள். மூவரும் சிரித்தார்கள். "சும்மா சொன்னேன் டீச்சர். உளுந்தங்களி கிண்டிக் கொண்டாறோம். பொம்பளப் பிள்ளைக இடுப்புக்கு நல்லது."

தெருவுக்கொருவராக அமைந்த மன்றக் குழுவில் வைத்தேன். எந்த முடிவையும் நான் தனியாக எடுப்பதில்லை, நீங்களும் எடுக்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு கெட்ட சொல் வரவில்லை. அதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன்.

ஆவுடையப்பன், "குடுக்கட்டும் டீச்சர், வேண்டாங்கல. ஆனா பாத்துச் செய்யணும். கூடி வந்த கூட்டம், கலஞ்சிறக் கூடாது" என்றார்.

கோமதியம்மாள், "எனக்கு ஒண்ணுமில்ல. எம்மவளும் ஆடுதால்லா, வீட்டுல மாமியா இருக்காக. எம்பேத்தி எங்க என்ன திங்கான்னு கேட்டாகன்னா நான்லா பதில் சொல்லணும்?" என்றாள்.

தங்கத்துரை சார் குறுக்கிட்டார். "இத்தன நாளா அந்தப் பிள்ள நீங்க ஆக்குனதத் தின்னுட்டுத்தான ஆடுது?"

"அது வேற சார்."

"என்ன வேற? சொல்லுங்க, கேப்போம்."

கூட்டத்தில் குரல் உயர்வது எனக்குப் பிடிக்காது. நான் எழுந்து, ஒருவர் மனமும் நோகாமல் ஒரு வழி சொன்னேன். சனிக்கிழமை காலனிக்குத்தான். ஆனால் அன்றைக்குப் பழம். விளையாடுகிற உடம்புக்குப் பழம் உகந்தது, அதை உடற்கல்வி ஆசிரியரே சொல்லியிருக்கிறார். எல்லாரும் தலையசைத்தார்கள். தங்கத்துரை சார் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதைத்தானே நான் எடுத்துச் சொன்னேன்? மகிழ்ந்திருக்க வேண்டாமா?

நானே காலனிக்குப் போனேன். ஆள் அனுப்பியிருக்கலாம், அது முறையில்லை. வேலுத்தாய் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தேநீர் கொண்டுவந்தாள். நான் மாலையில் தேநீர் அருந்துவதில்லை, உறக்கம் கெடும். அதை எடுத்துச் சொல்லிவிட்டு, பழத்தின் நன்மைகளை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இனிமே எல்லாத் தெருவும் பழந்தானா டீச்சர்?"

"அவர்கள் முன்பே தொடங்கிவிட்டார்கள் வேலுத்தாய். நடந்துவருவதை மாற்றினால் வருத்தப்படுவார்கள். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள். சரியாகத் தொடங்கலாம் அல்லவா?"

தேநீரைப் பார்த்தாள். "சரி டீச்சர். பழமே தாறோம்" என்றாள். எவ்வளவு எளிதாக முடிந்தது பாருங்கள். பக்குவமாகச் சொன்னால் யாரும் கேட்பார்கள்.

கார்த்திகையில் முதல் சனிக்கிழமை. அவர்கள் ஒரு முழு வாழைத்தாரைக் கொண்டுவந்தார்கள். அப்படியொரு தாரை நான் கடையில் கண்டதில்லை. ஒவ்வொரு பழத்தையும் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். தாம்பாளம், பூ, சந்தனம். பெண்கள் எல்லாரும் திருவிழாவுக்கு உடுத்தும் சேலையில் வந்து மைதானக் கோட்டுக்கு அப்பால் வரிசையாக நின்றார்கள். அன்றைக்குக் குழுவிலிருந்து யாரும் வரவில்லை. நல்ல முகூர்த்த நாள், ஆளுக்கொரு கல்யாணம் இருந்தது. பிள்ளைகளில் சிலர் எடுத்துக்கொண்டார்கள். பலர் சளி என்றார்கள், வயிறு சரியில்லை என்றார்கள். மழைக்காலம், பழம் சளியைக் கூட்டும். இயல்புதான். நான் சர்க்கரை நோயாளி. தங்கத்துரை சார் தொடர்ந்து மூன்று பழம் தின்றார். அவருக்கு எப்போதும் பசிதான்.

கனி அப்போது கோல்கம்பத்தருகே காலில் பட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு எழுந்து நேராகத் தாம்பாளத்தண்டை வந்தாள். ஒரு பழத்தை உரித்துத் தின்றாள். இன்னொன்றை உரித்தாள். அதையும் தின்றாள். யாரையும் பார்க்கவில்லை, உரித்து உரித்துத் தின்றுகொண்டே இருந்தாள். மூச்சு முட்டியது, நிறுத்தவில்லை. தங்கத்துரை சார் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும் தாயி. போதும்" என்றார். அவர் குரல் ஏன் அப்படி இருந்தது என்று தெரியவில்லை.

பாதித் தார் மீதியாயிற்று. "விட்டுவிட்டுப் போ வேலுத்தாய், திங்கட்கிழமை கொடுத்துவிடலாம்" என்றேன். "இருக்கட்டும் டீச்சர்" என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். மறுவாரம் அவர்கள் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. ஒரு பழத்தாருக்கே அலுத்துவிட்டால் மண்டகப்படி எப்படி நடத்துவது?

திங்கட்கிழமை கடைத்தெருச் சுண்டல். கனி வரிசையில் உட்காரவில்லை. குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு நேரே கோலுக்குப் போனாள். கூப்பிட்டேன். "பசிக்கல டீச்சர்." செவ்வாயும் அதேதான். "பசிக்கல டீச்சர்." பள்ளிவாசல் தெருவார் அவளுக்காகவே தனியாக முட்டை எடுத்து வைத்தார்கள். "பசிக்கல டீச்சர்." குரலில் கோபம் இல்லை, மரியாதைக்குறைவு இல்லை. குறை சொல்ல ஓர் இடம் தரமாட்டாள் அந்தப் பிள்ளை. கன்னம் மறுபடி ஒட்டிப்போயிற்று. ஆனால் ஒரு பந்து, ஒரே ஒரு பந்து அவளைத் தாண்டவில்லை. மண்டலப் போட்டியையும் வென்றோம். தைமாதம் திருச்சியில் மாநிலப் போட்டி என்று ஆயிற்று.

இதற்குள் தெருக்களில் பேச்சு வந்துவிட்டது. கோமதியம்மாள் என் வீட்டுக்கே வந்தாள். அவளை அவ்வளவு மனமுடைந்து நான் பார்த்ததில்லை. "எங்கையால ஆக்கிக் கொண்டுபோனத அவ வேண்டாங்காளாமே டீச்சர்? நான் என்ன விஷத்தையா வைச்சேன்? ஒரு மனுசி ஆசையாக் கொண்டுபோயி நிக்கயில, தொடமாட்டேன்னா எப்படி இருக்கும்? நெஞ்சு வேகுது டீச்சர்."

எனக்கும் வருத்தமாக இருந்தது. உணவை மறுப்பது எத்தனை பெரிய அவமதிப்பு! பெற்ற தாயாவது சொல்லித் தந்திருக்க வேண்டாமா?

ஆவுடையப்பன் ஒரு முடிவோடு வந்தார். திருச்சிக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் நண்பகல், எல்லாத் தெருவும் சேர்ந்து பிள்ளைகளுக்கு வழியனுப்பு விருந்து. கனி பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "ஊர் பாக்க ஒரு வாய். அவ்வளவுதான் டீச்சர். இல்லன்னா எந்தத் தெருவும் இனி வராது. நான் தடுக்க முடியாது." அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

விருந்தன்று காலையில் மட்டைகள் வைக்கும் அறைக்குக் கனியைத் தனியாக அழைத்தேன். அவளுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். திருச்சிக்கு விளையாட்டு விடுதியிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டுவிட்டால் விடுதி, கல்லூரி, ரயில்வேயில் வேலை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டியதில்லை. தாயையும் அங்கே அனுப்ப வேண்டியதில்லை. "ஒரே ஒரு வாய், கனி. எனக்காக."

"ஒங்களுக்காகவா டீச்சர்?"

"ஆமாம்."

தரையைப் பார்த்தாள். "எங்கம்மா அன்னைக்குப் பழம் கொண்டாந்தப்ப நீங்க…" என்று தொடங்கினாள்.

"பழைய கதை வேண்டாம்" என்றேன். "நடக்கப்போவதைப் பேசு."

"சரி டீச்சர். வந்து உக்காருறேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இப்போது யோசித்தால், உட்காருகிறேன் என்றுதான் சொன்னாள். உண்கிறேன் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை பொய் சொல்கிறவள் அல்லள்.

பந்தலில் நூறு இலை விழுந்தது. காலனியாரையும் சாப்பிட வரும்படி சொல்லி அனுப்பியிருந்தேன், அவர்கள் வரவில்லை. கனி வந்தாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள். வரிசையின் நடுவில் உட்கார்ந்தாள். கோமதியம்மாளே பரிமாறினாள். சோறு, பருப்பு, நெய், அவியல், அப்பளம், பாயசம். ஊரே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது, கையில் கைப்பேசிகளோடு. கனி இலையைப் பார்த்தாள். நான் அவளுக்கு எதிரே நின்று கண்ணால் கெஞ்சினேன். அவள் வலக்கையை எடுத்தாள். இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கினாள். அத்தனை உணவும் உள்ளே இருக்க, எதிர்ப்பக்கமாக மடித்தாள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. விருந்து நிறைவாக இருந்தால் இலையை நம் பக்கமாக மடிப்போம். எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு விழுந்த துட்டி வீட்டில். அறியாமல் செய்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அறிந்துதான் செய்தாள். எழுந்தாள், குழாயடிக்குப் போய், சோறு தொடாத கையைக் கழுவினாள், என்னைப் பார்த்துக் கும்பிட்டாள், போய்விட்டாள். தங்கத்துரை சார் அவள் பின்னாலேயே போனார்.

"பாத்தீகளா டீச்சர்?" என்றார் ஆவுடையப்பன். கோமதியம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

அன்று மாலை குழு கூடியது. திருச்சிச் செலவு மன்றத்துடையது, ஆகையால் யார் போவது என்பதிலும் எங்கள் சொல்லுக்கு இடம் உண்டு. நான்தான் முடிவு சொன்னேன். ஒரு போட்டிதான், இந்த ஒரு தடவை கனி ஓய்வெடுக்கட்டும். ஊர் ஆறட்டும். அடுத்த ஆண்டு அவளே ஆடுவாள். மாற்று ஆளாக இருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கோலில் நிற்கட்டும். நான் கனியைத் தண்டித்தேன் என்று நினைக்காதீர்கள் அம்மா. எத்தனை தெருவை எத்தனை பாடுபட்டுச் சேர்த்தேன், சொன்னேன் அல்லவா? ஒரு பிள்ளைக்காக எல்லாப் பிள்ளைகளின் வயிற்றிலும் அடிப்பதா? நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

தங்கத்துரை சார், "நான் போயி அவகிட்டச் சொல்லமாட்டேன் டீச்சர். எனக்கு வாய் வராது" என்றார். நானும் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவள் வரமாட்டாள் என்றும் நினைத்தேன்.

மறுநாள் காலை ரயில் நிலையத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! மாலைகள், மேளம், பிள்ளைகள் பெயர் எழுதிய துணிகள். மின்விசிறிக்காக இருவர் வந்த மன்றம் அம்மா அது! நடைமேடையில் கால் வைக்க இடம் இல்லை. நிலைய அதிகாரி வெளியே வந்து கும்பிட்டார். என் வாழ்நாளில் அப்படி ஒரு காலையை நான் கண்டதில்லை.

கனி வந்தாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து, மேம்பாலத்தில் ஏறி இறங்கி வந்தாள். வேலுத்தாய் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். கனி காற்பட்டைகளை முதுகில் கட்டியிருந்தாள். கூட்டம் விலகிற்று. நான் வேகமாக எதிரே போனேன்.

"என்ன கனி, நீ…"

"வெளையாட வந்தேன் டீச்சர்" என்றாள். "சாப்பிட வரல."

அவள் அதைத் துடுக்காகச் சொல்லவில்லை. எனக்குப் புரியவில்லையோ என்று எண்ணி விளக்குகிறவளைப்போலச் சொன்னாள். நான் அவளை ஓரமாக அழைத்துப்போய், தோளில் கைவைத்து, மென்மையாகத்தான் சொன்னேன். இந்த ஒரு தடவை. அடுத்த ஆண்டு நீதான். அவள் கேட்டுக்கொண்டாள். வேலுத்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அம்மா, சும்மா இரு" என்றாள் கனி. பிறகு முதுகிலிருந்த காற்பட்டைகளை அவிழ்த்து, வாரைச் சுற்றி, பள்ளிப் பொருள் அல்லவா, என் கையில் கொடுத்தாள். முகக்கவசத்தையும் கொடுத்தாள். மாற்றாகப் போன அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை மிகப் பெரியவை. திருச்சியில் வாரைக் கயிறு போட்டுக் கட்டினார்களாம்.

ரயில் நகர்ந்தபோது ஊர் முழுவதும் கத்தியது. கனி தாயோடு நின்று கையசைத்தாள். உள்ளேயிருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அழுதார்கள். புறப்படும்போது அழலாமா? முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். தங்கத்துரை சார் கோடை விடுமுறையில் இடமாறுதல் வாங்கிக்கொண்டு போனார், சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை.

ஆனாலும் மன்றம் நிற்கிறது அம்மா. சனிக்கிழமையை எண்ணெய்க்கடைத் தெருவார் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒரு நாள் கிடைக்கத் தெருக்கள் போட்டி போடுகின்றன. மேற்கூரை போட்ட பார்வையாளர் மேடை வந்துவிட்டது. அதில் நிற்க இடம் இருக்காது. காலனியிலிருந்து மட்டும் பிள்ளைகள் ஆட வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்ததும் சொல்லி அனுப்புகிறேன். வருவதில்லை.

கனி பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கவில்லை. தாயோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். காலையில் அவர்களை ஏற்றிப்போகும் வேன் இந்தத் தெரு வழியாகத்தான் வரும். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும். நான் வாசலில் நிற்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. நேராகப் பார்த்து, "வணக்கம் டீச்சர்" என்பாள். ஒரு நாளாவது கோபமாகப் பார்த்தால் வேனை நிறுத்தச் சொல்லி, என்ன குறை என்று கேட்டுவிடுவேன். கோபத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியும். பள்ளியில் அதுதானே என் வேலை. அந்த வணக்கத்துக்கு என்ன சொல்வது? நானும் வணக்கம் என்கிறேன். வேன் போய்விடுகிறது. அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம் என்றேன். கேளுங்கள். அதற்கு முன் என் கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் வெளியூர். இங்கே உங்களுக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. ஆகவே நடுநிலையாகச் சொல்வீர்கள். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்?

ஏன் அம்மா எழுந்துவிட்டீர்கள்? சொல்லிவிட்டுப் போங்கள்.